ஆயில் குச்சியைத் திருகிப் பார்த்ததுக்கு 13,100 ரூபாய்

மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல இன்னிக்கு பைக் இன்ஜின் ஆயிலைப் பத்தி எழுதப் போறேன். சேனல் மாறி வந்துட்டோமோன்னு நினைக்காதீங்க. இது முழுக்க முழுக்க காசு சமாச்சாரம்தான்.

என் மனைவியோட தம்பி கோயம்புத்தூர்ல டெலிவரி வேலை பார்க்கறான். ஏழு வருஷப் பழசு 100 சிசி வண்டி, 85,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஒரு நாளைக்கு சராசரியா 120 கிலோமீட்டர் ஓட்டுவான். செலவெல்லாம் போக கையில நிக்கறது 900 ரூபாய். போன மாசம் ஒரு நாள் மத்தியானம் அவினாசி ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போது இன்ஜின்ல 'கடகட'ன்னு சத்தம், கொஞ்ச தூரத்துல வண்டி நின்னுடுச்சு. கிக்கரை மிதிச்சா கீழேயே இறங்கல. இன்ஜின் சீஸ். மெக்கானிக் கழட்டிப் பார்த்தப்ப, ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டிய ஆயில், கால் லிட்டர்கூட வரல.

போர், பிஸ்டன், ரிங், கேம், லேத் கூலி, லேபர் எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய். நாலு நாள் வண்டி ஷெட்டுல, அதனால போன வருமானம் 3,600. கையில பணம் இல்லாம ஒரு லோன் ஆப்ல 10,000 வாங்கியிருக்கான். பிடித்தம் போக வந்தது 8,700தான், ஆனா கட்ட வேண்டியது முழு பத்தாயிரம். அங்க ஒரு 1,300. மொத்தம் 13,100 ரூபாய்.

"ஏன் மாப்ள, ஆயிலே பார்க்க மாட்டியா?"ன்னு கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம். "பார்த்தேன் மாமா. போன மாசம்தான் பார்த்தேன், பாதிக்கு மேல இருந்துச்சு."

அவன் பொய் சொல்லல. எப்படிப் பார்த்தேன்னு செஞ்சு காட்டச் சொன்னேன். வலது பக்கம் கிக்கர் பக்கத்துல இருக்கற கறுப்பு மூடியைக் கழட்டினான், குச்சியைத் துடைச்சான், திரும்பச் சொருகி நல்லா திருகி டைட் பண்ணினான், அப்புறம் கழட்டிப் பார்த்தான். தப்பு அந்தத் திருகல்லதான். இந்த மாதிரி வண்டிகள்ல குச்சியில இருக்கற ரெண்டு கோடும், மூடியைத் திருகாம, மறை மேல சும்மா உட்கார வெச்சுப் பார்க்கறதுக்காகப் போட்டது. திருகினா குச்சி இன்னும் ஆழமா இறங்கும், ஆயில் இல்லாத உயரத்துக்கு ஆயில் ஒட்டும். கீழ்க் கோட்டுல நிக்கற ஆயில், மேல் கோடு வரைக்கும் இருக்கற மாதிரி காட்டும். அவன் பார்த்த அன்னிக்கே ஆயில் குறைவு. ஆயில் குடிக்க ஆரம்பிச்ச பழைய இன்ஜின், அதுக்கப்புறம் ஒரு மாசம், 3,000 கிலோமீட்டர். முடிஞ்சது கதை.

என்னைக் கேட்டா, பார்க்காம விடறதைவிட தப்பாப் பார்க்கறது மோசம். பார்க்காதவனுக்கு உள்ளூர ஒரு பயமாவது இருக்கும். தப்பாப் பார்த்தவன் நிம்மதியா ஓட்டுவான். 100 சிசி வண்டியில ஆயில் குறைஞ்சா எச்சரிக்கற லைட்டும் பெரும்பாலும் கிடையாது. அந்தக் குச்சி ஒண்ணுதான் மீட்டர்.

சரி, எப்படிப் பார்க்கணும்? வண்டியைச் சமதளத்துல சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்க. இன்ஜினை மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டாம். அணைச்சுட்டு ரெண்டு மூணு நிமிஷம் காத்திருங்க, மேலே ஏறின ஆயில் கீழே இறங்கணும். மூடியைச் சுத்தி இருக்கற மண்ணைத் துடைச்சுட்டுக் கழட்டுங்க, இல்லாட்டி அந்த மண்ணு நேரா உள்ளதான் போகும். குச்சியைச் சுத்தமான பனியன் துணியால துடைச்சு, திருகாம உள்ளே விட்டு எடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, மேல் கோட்டை ஒட்டி இருந்தா நல்லது. எல்லா வண்டிக்கும் இதே முறை இல்ல. சிலதுல குச்சிக்குப் பதில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதுல வண்டியை நேரா நிமிர்த்திப் பார்க்கணும். சில கம்பெனி திருகித்தான் பார்க்கச் சொல்லும். வண்டி வாங்கினப்ப கொடுத்து, நீங்க பீரோவுல போட்டு வெச்ச அந்த மேனுவல்ல ஒரே ஒரு பக்கம் படிச்சா போதும்.

அடுத்தது சைடு ஸ்டாண்ட். அதுல வண்டி இடது பக்கம் சாயும், குச்சி இருக்கறது வலது பக்கம். ஆயில் அந்தப் பக்கம் ஓடிடறதால, இருக்கறதைவிடக் குறைச்சலாக் காட்டும். உடனே பதறிப் போய் கால் லிட்டர் ஊத்துவோம். ஆயில் கூடினாலும் கெடுதல்தாங்க. உள்ளே சுத்தற கிராங்க் ஆயிலைக் கடையும், நுரை வரும், அழுத்தம் ஏறும், மிச்சம் ஏர் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும், புகை தள்ளும். அதனால குறைஞ்சிருந்தா 50 மில்லி, 100 மில்லின்னு கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பாருங்க.

ஆயில் கறுப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, அழுக்கைச் சுமக்கறதுதான் அதோட வேலை. பால் ஊத்தின காபி மாதிரி இருந்தாத்தான் பயப்படணும், உள்ளே தண்ணி போயிருக்கு. மழைக்காலத்துல முழங்கால் தண்ணியில வண்டி ஓட்டினவங்க இதைக் கட்டாயம் பாருங்க. நீங்க ஊத்தாமலே லெவல் ஏறி, பெட்ரோல் வாசமும் அடிச்சா, பெட்ரோல் கசிஞ்சு ஆயில்ல கலக்குது. ரெண்டுக்குமே அன்னிக்கே மெக்கானிக்கிட்ட போயிடணும்.

இன்னொண்ணு, வீட்டுல கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு பைக்ல ஊத்திடாதீங்க. இந்த வண்டிகள்ல இன்ஜின், கியர், கிளட்ச் எல்லாம் ஒரே ஆயில்லதான் நனையுது. கார் ஆயில் சிலதுல இருக்கற வழுக்கற சரக்கு கிளட்சை வழுக்க வெச்சிடும். பாட்டில்ல ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, கிரேடு மேனுவல்ல சொன்னபடி.

"இதெல்லாம் சர்வீஸ்ல பார்த்துக்குவாங்க"ன்னு சொல்லாதீங்க. சில 100 சிசி வண்டிக்கு 6,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்லியிருக்கும், நடுவுல 3,000ல லெவல் பார்த்து நிரப்பச் சொல்லியிருக்கும். அந்த நடு வரியை யாரும் படிக்கறதில்ல. நான் சர்வீஸுக்கு விட்ட ஒரு இடத்துல 'ஆயில் டாப் அப்'னு பில்லுல போட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா ஆயில் கீழ்க் கோட்டுல நிக்குது. அதுலேர்ந்து வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி அங்கேயே குச்சியை எடுத்துப் பார்த்துடறேன். கொஞ்சம் முறைப்பாங்க. முறைக்கட்டும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசச் செலவுக்கு வெச்சுக்கோங்கன்னு நான் எத்தனை வீடியோவுல சொல்லியிருப்பேன்! மாசம் 23,000 சம்பாதிக்கற, குழந்தை இருக்கற ஒருத்தனுக்கு அது எப்ப சேரும்? அவனுக்கு இருக்கற ஒரே சொத்து அந்த வண்டி. மாசம் 23,000 தர்ற சொத்து நம்மள்ல எத்தனை பேர்கிட்ட இருக்கு? அதைக் காப்பாத்தற செலவு, ஆயில் பாட்டிலும் வாரத்துக்குப் பத்து நிமிஷமும்தான். வண்டியை வெச்சுப் பிழைக்கறவங்களுக்கு எஸ்ஐபிக்கு முன்னாடி இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கணும்னு இப்ப நினைக்கறேன். எக்ஸெல் ஷீட்ல எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை ரெண்டு தசமம் வரைக்கும் பார்க்கற நான், கூட உட்கார்ந்து சாப்பிடற மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லல.

ஆபீஸுக்கு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு மாசம் ஒரு தடவை போதும். டெலிவரி, லைன் விக்கறவங்க, பால் போடறவங்க வாராவாரம் பாருங்க. 50,000 கிலோமீட்டர் தாண்டின வண்டியா இருந்தா, எத்தனை கிலோமீட்டர்ல எவ்வளவு குறையுதுன்னு மொபைல்லயே குறிச்சு வைங்க. அந்தக் குறைச்சல் மாசா மாசம் கூடிக்கிட்டே போனா, ரிங் வேலை வருதுன்னு அர்த்தம். அதுக்கு இப்பவே மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வெச்சா, லோன் ஆப் பக்கம் போக வேண்டியதில்ல.

மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டாவது தவணை பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல சென்டர் ஸ்டாண்ட் போட்டு, குச்சியை ஃபோட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறான். போன வாரம் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்துச்சு.