டிக்கியில் இன்னொரு பேட்டரி வைத்தால் தீர்ந்துவிடுமா?

சப்வூஃபர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. கார் ஆக்சஸரீஸ் கடையில் சொன்னால் உடனே பதில் வரும்: "இன்னொரு பேட்டரி போட்டுருங்க சார், சரியாயிடும்." சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. பல வருடமாக எல்லோரும் சொல்லி, எல்லோரும் நம்பி, தொழிலின் பாலபாடம் போல ஆகிவிட்ட பதில் அது. ஆனால் அதற்குள் இருக்கும் நம்பிக்கைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவை நிற்காது.

முதல் நம்பிக்கை, பேட்டரி கூடினால் கரன்ட் கூடும் என்பது. எஞ்சின் ஓடும்போது ஆம்ப்புக்குக் கரன்ட் தருவது ஆல்டர்னேட்டர்தான். முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் அளவு 12.6 அல்லது 12.7 வோல்ட். ஆல்டர்னேட்டரோ லைனை 14 வோல்ட்டை ஒட்டி வைத்திருக்கிறது. அந்த நிலையில் பேட்டரியால் எதையும் தர முடியாது, வாங்கத்தான் முடியும். இரண்டாவது பேட்டரியும் அப்படியே. ஏற்கெனவே திணறும் ஆல்டர்னேட்டர், இனி இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நிஜமாகவே 1000 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ்-டி ஆம்ப், 80 சதவீதத் திறனில், உச்சத்தில் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். பாட்டு முழுக்க உச்சத்திலேயே ஓடாது என்பதால் சராசரியை 40 என்று வைப்போம். இரவில் ஏசி, விளக்கு, எஞ்சினின் சொந்தத் தேவை எல்லாம் சேர்ந்து ஒரு 30. மொத்தம் 70. ஆல்டர்னேட்டர் மீது 75 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் நெடுஞ்சாலையில் சமாளித்துவிடும். டிராஃபிக்கில் ஐடிலிங்கில் நிற்கும்போது அதே ஆல்டர்னேட்டர் பாதி கொடுத்தாலே பெரிது. மீதி முப்பது சொச்சம் ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது. ஒரு பேட்டரி இருந்தாலும் இரண்டு இருந்தாலும் பற்றாக்குறை அதே முப்பதுதான். இரண்டு இருந்தால் காலியாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். பிறகு அந்தக் கடனை அடைக்க வேண்டியதும் அதே ஆல்டர்னேட்டர்தான்.

அப்படியானால் விளக்கு மங்குவதாவது நிற்குமா? பெரும்பாலும் நிற்காது. பேட்டரி உதவிக்கு வருவதே லைன் 12.7 வோல்ட் பக்கம் இறங்கிய பிறகுதான். 14.2-லிருந்து 12.8-க்கு வருவது பத்து சதவீத இறக்கம். பழைய ஹாலஜன் பல்பில் அந்தப் பத்து சதவீதம் வெளிச்சத்தில் சுமார் முப்பது சதவீதத்தைத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் மினுக்கல் இந்தப் படியில்தான் நடக்கிறது. புதிய பேட்டரியும் அந்தப் படிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி 12, 11.5 என்று சரியும்போது மட்டும் இரண்டாவது பேட்டரி தாங்கிப் பிடிக்கும். அந்தப் பயனை மறுக்கவில்லை. எல்இடி ஹெட்லைட் உள்ள கார்களில் இந்த மினுக்கல் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதனால் அங்கே பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது.

பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓட, ஏசி ஓட, வழக்கமான சத்தத்தில் பேஸ் உள்ள பாட்டைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். அடுத்து டிக்கியைத் திறந்து ஆம்ப்பின் பிளஸ், கிரவுண்ட் திருகுகளில் வையுங்கள். முன்னால் 14, பின்னால் 12.6 என்றால் கோளாறு வழியில் இருக்கிறது. பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ஐந்து மீட்டர் 8 கேஜ் செம்பு ஒயரில் 90 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் போய்விடும். கடைகளில் கிட் என்று விற்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதில் இழப்பு ஒன்றரை வோல்ட்டை நெருங்கும். அதே நீளத்துக்கு 50 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போட்டால் 0.15 வோல்ட்டோடு முடிந்தது.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையைப் போதிய நீளமுள்ள ஒரு ஒயரோடு சேர்த்து ஆம்ப்பின் கிரவுண்ட் திருகிலும் வையுங்கள். பேஸ் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டிக்கியில் பெயின்ட் சுரண்டாமல் சீட்டு போல்ட்டில் லக்கை மாட்டிவிட்டுப் போன வேலை அங்கேதான் பல்லிளிக்கும். முன்பக்கத்திலும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு என மூன்று ஒயர்களையும் தடிமனாக்கினால், பல கார்களில் இரண்டாவது பேட்டரி என்ற பேச்சே எழாது. ஆனால் பேட்டரி முனைகளிலேயே 12.5 காட்டுகிறது என்றால் பெரிய ஆல்டர்னேட்டர்தான் வழி, அல்லது சின்ன ஆம்ப்.

"சும்மா பேரலல்ல போட்டா போதும், எந்த பேட்டரியா இருந்தா என்ன?" என்பது அடுத்தது. பழைய பேட்டரியோடு புதியதை நேரடியாக இணைத்தால், எஞ்சின் நின்ற பிறகு புதியது ராத்திரி முழுக்கப் பழையதை நிரப்பிக்கொண்டே இருக்கும். பழையது மோசமாகியிருந்தால் காலையில் இரண்டும் டவுன். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய டியூபுலரைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அது நிதானமாக, மணிக்கணக்கில் கரன்ட் தரச் செய்தது. பேஸின் திடீர் இழுப்புக்கு அல்ல. திறந்த வகை ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் அதை டிக்கிக்குள் வைப்பதே தப்பு. அங்கே சீல் செய்த ஏஜிஎம்தான் வேண்டும். லித்தியம் இன்னும் வேறு ஜாதி. கொடுக்கிற கரன்ட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிப் புகைய வைத்துவிடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

"ரெண்டையும் பிரிச்சு வைக்க ஐசோலேட்டர் இருக்கே" என்பார்கள். டையோடு வகை என்றால் அதிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 14.2 கிளம்பி 13.5 சேர்ந்தால் பின் பேட்டரி ஒருநாளும் நிறையாது. வோல்டேஜைப் பார்த்து இணையும் ரிலே நல்லது. ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே இறக்கும் புதிய கார்களில், வண்டி ஓடும்போதே அந்த ரிலே கழன்றுகொள்ளும். அங்கேயும் டிசி-டிசி சார்ஜர்தான்.

ஓட்டினால் தானாகச் சார்ஜ் ஆகிவிடும் என்பதும் அரை உண்மைதான். லெட்-ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் இருந்தாலும் மணிக்கணக்கில் ஆகும். அலுவலகத்துக்குப் போய்வரும் அரை மணி ஓட்டத்தில் அது நடக்காது. அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியில் சல்ஃபேட் படிந்து, இரண்டு வருடத்தில் கடைக்காரரிடம் வாரண்டி கேட்டுச் சண்டை. பெரிய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே 10 ஆம்பியர் மல்டி-ஸ்டேஜ் சார்ஜர் வைத்துக்கொண்டு, இணைப்பைப் பிரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக ராத்திரி முழுக்கப் போடுவது காரணமில்லாமல் இல்லை.

இத்தனைக்கும் பிறகு இரண்டாவது பேட்டரிக்கு இடம் உண்டா? உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கும், சத்தப் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் அது தேவை. அப்படிப் போடும்போது ஃப்யூஸ் விஷயத்தில் மட்டும் கடையை நம்பி விட்டுவிடாதீர்கள். "முன்னாடி ஒண்ணு போட்டாச்சு, போதும்" என்பார்கள். ஒரு பேட்டரி இருந்தவரை அது சரி. இப்போது ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி. நடுவில் எங்கேயாவது உரசிப் பாடியில் தொட்டால், முன் ஃப்யூஸ் எரிந்த பிறகும் பின் பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்தும் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ் வேண்டும். டிக்கியைத் திறந்து பாருங்கள். இல்லை என்றால், வண்டியை எடுக்கும் முன் பின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள்.