நிறத்தை நம்பலாமா?

விழாக்காலங்களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மகிழுந்துகள் ஆமைபோல் ஊர்ந்து செல்லும். அப்போது, ஆவி பறக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி சாலையோரத்தில் தவித்து நிற்கும் குடும்பங்களையும் காணலாம். இத்தொல்லைகளுள் பல, புறப்படும் முன்பே தவிர்க்கக்கூடியவை. மகிழுந்துக்கு உரிய நீர்மங்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே அதற்கு முதற்படியாகும்.

“நம் நாட்டில் பனி பெய்வதில்லை, கூலண்ட் எதற்கு? குழாய்நீரே போதும்,” எனச் சிலர் வாதிடுவர். உறைவதைத் தடுப்பது கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மத்தின் ஒரு பணி மட்டுமே. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. உடன் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் உலோகம் அரிக்கப்படுவதைத் தடுக்கின்றன. குழாய்நீரிலுள்ள தாது உப்புகளோ, நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைப்பை ஏற்படுத்தலாம். சில ரிங்கிட்டைச் சேமிக்க எண்ணி இயந்திரத்தையே இழப்பது அறிவுடைமை ஆகாது.

வேறு சிலர் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகின்றனர். பச்சை, சிவப்பு, நீலம் ஆகியவை தயாரிப்பாளர் சேர்க்கும் சாயங்களே. எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுவான நிறவிதி எதுவும் இல்லை. ஒரே நிறமுடைய இரண்டு நீர்மங்களின் வேதிச் சேர்மானம் வேறுபடலாம். பொருந்தாதவற்றைக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் ஆற்றல் குறையும். சில வேளைகளில் கசடும் உண்டாகும். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது இங்கும் பொருந்தும்.

பிரேக் எண்ணெயில் காட்டும் அலட்சியம் உயிருக்கே ஆபத்தாகலாம். பரவலாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் கலந்த நிலையில் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 140 பாகை மட்டுமே. கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் வெப்பம் மிகுந்து, பழைய எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றக்கூடும். அந்நிலையில் மிதித்தாலும் வண்டி நிற்காமல் போகலாம்.

“பட்டறைக்காரருக்குத் தெரியாதா?” என்று கேட்கலாம். அனுபவமிக்க பட்டறைக்காரரின் அறிவு மதிக்கத்தக்கதே. ஆயினும், மகிழுந்துக்கு மகிழுந்து தேவை மாறுபடுகிறது. ஆகவே, தயாரிப்பாளரின் கையேடே இறுதிச் சான்றாகும். எந்த வகைக் கூலண்ட், எந்தத் தரப் பிரேக் எண்ணெய், எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை மாற்றுவது ஆகியவை அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

பழைய நீர்மங்களைக் கால்வாயில் ஊற்றுவதும் தவறு. எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது. அதன் இனிப்புச் சுவையால் பூனை, நாய் முதலியவை நக்கி உயிரிழக்க நேரிடும். அவற்றைப் பட்டறையில் ஒப்படைப்பதே முறையாகும்.

வாகனம் ஓட்டும் வயதை எட்டாத மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. மகிழுந்தில் தூங்கிக் கிடக்கும் கையேட்டை எடுத்துப் படித்து, வீட்டாருக்கு விளக்கலாம். இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பதையும் நினைவூட்டலாம். வருமுன் காப்பதே குடும்பத்தைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்க்கும்.