பணம் தப்பினால் போதுமா?

காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் தடைச் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ரம்மியில் கூலியை இழந்து கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கண்ட நாம் அதைக் குறை கூற மாட்டோம். தமிழகச் சட்டமன்றம் 2022-லேயே இதற்கு வழி காட்டிற்று என்பதையும் டில்லி மறந்துவிட வேண்டாம்!

ஆனால், அதே டில்லிச் சட்டம் காசில்லாத ஆட்டங்களை வளர்க்கவும் வழி செய்கிறதே, கவனித்தீர்களா தோழர்களே? காசு போனால் கேடு. கண்ணும் உறக்கமும் போனால் கேடில்லை! இதுதான் இவர்கள் கணக்கு.

தென் கொரியாவின் தேகு நகரில் 2005 ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். ஆட்ட மோகத்தால் வேலைக்கு ஒழுங்காகப் போகாமல் வேலையை இழந்த 28 வயது இளைஞன் ஒருவன், கணினிக் கடையில் 'ஸ்டார்கிராப்ட்' ஆட உட்கார்ந்தான். ஏறத்தாழ 50 மணி நேரம்! இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்ததையும் கழிப்பறைக்குப் போனதையும் தவிர ஆட்டத்தை நிறுத்தவேயில்லை. முடிவில் சுருண்டு விழுந்தான், இதயம் நின்றது. பந்தயம் ஏதும் வைத்தானா? இல்லை. வெறும் விளையாட்டுத்தான்.

அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் நாளங்களில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. திரையை உற்றுப் பார்க்கையில் இமை கொட்டுவது குறைகிறது. கண் காய்ந்து எரிகிறது. எல்லாவற்றிலும் கொடியது உறக்கக் கேடு. இரவு இரண்டு மணிவரை கைபேசியில் சுட்டுக்கொண்டிருந்தவன் காலை ஆறு மணி ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கிறான். கை தவறினால் போவது யார் விரல்? முதலாளியின் விரலா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆடுகிறவரெல்லாம் நோயாளி என்று அது சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், வேலையும் வீடும் கெட்டும் தொடர்ந்து ஆடுகிறவனையே அது குறிக்கிறது. நிறுத்த முடியாதபடி செய்தவர் யார்? தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்று தூண்டில் போட்டு, 'இலவசம்' என்று பலகை மாட்டிய கம்பெனிகள்!

பூட்டுப் போட்டால் தீருமா? கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை கணினி ஆட்டத்தைத் தடுத்தது. பிள்ளைகள் கைபேசிக்கு மாறினார்கள். அங்கே அந்தச் சட்டம் எட்டவில்லை. 2021-ல் அதைக் கைவிட முடிவு செய்தார்கள். சீனா அதே 2021-ல், 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒரு மணி நேரம்தான் என்று கம்பெனிகளின் கையைக் கட்டியது. அவ்வளவு கடுமை வேண்டுமா என்பது வாதத்துக்குரியது. பிள்ளையைப் பிடிப்பதைவிடக் கம்பெனியைப் பிடிப்பதே முறை என்பதில் நமக்கு ஐயமில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு சிறுவருக்கு ஆட்டம் ஓடாதபடி செய்யும் பொறுப்பைக் கம்பெனிகள்மீது சட்டமே சுமத்தட்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். அதுவரை, தோழர்களே, மன்றத்து மூலையில் கிடக்கும் கேரம் பலகையைத் தூசு தட்டி எடுங்கள். மாலையில் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.