ஐரோப்பியர் காலுக்குச் சட்டம். திண்டுக்கல் தொழிலாளியின் கைக்கு?

உலகெங்கும் ஒவ்வாமை பெருகி வருகிறது என்றதும் தூசி, மகரந்தம், உணவு ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லில் வாழ்பவர்கள் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது குரோமியம்.

பேகம்பூரிலும் சுற்றுப்புறங்களிலும் தோல் தொழில் நம் சமுதாயத்தோடு பல தலைமுறைகளாகப் பின்னிப் பிணைந்தது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரங்களில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி இந்த முறையில்தான் தயாராகிறது.

குரோமியம் முதல் நாளிலேயே தொல்லை தருவதில்லை. தொடர்ந்து தோலில் படும்போது, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கட்டத்தில் அதை எதிரியாகப் பதிந்துகொள்கின்றன. அதன்பின் மிகச் சிறிய அளவு பட்டாலும் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு வந்துவிடும். பட்டவுடன் வராமல் ஓரிரு நாள் கழித்து வருவதால் எதனால் வந்தது என்றும் பிடிபடாது. படை என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் பூசுகிறவர்கள் ஏராளம். ஒருமுறை பதிந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

இது சூழலால் வருவது, சட்டத்தால் குறைக்கக் கூடியது என்பதற்கு டென்மார்க் நல்ல சான்று. சிமெண்டிலும் குரோமியம் உண்டு. அங்கே 1983இல் சிமெண்டில் இரும்பு சல்பேட் கலந்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். தோல் அழற்சியோடு வந்து பரிசோதிக்கப்பட்டவர்களில் குரோமிய ஒவ்வாமை உள்ளோர் 1985இல் 3.6 விழுக்காடு, 1995இல் 1 விழுக்காடு. ஆனால் 2007இல் அது மீண்டும் 3.3 ஆனது. இம்முறை காரணம் சிமெண்ட் அல்ல; காலணி முதலான தோல் பொருட்கள். பதனிட்ட தோலில் உள்ள குரோமியத்தின் ஒரு பகுதி, வீரியம் கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிவிடுவதே சிக்கல். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை இந்தக் குரோமியம் எட்டினாலே அங்கே விற்க முடியாது.

செருப்பு அணிபவரின் காலுக்கு இவ்வளவு கவனம். அந்தத் தோலை ஈரத்தோடு தூக்கி, பிழிந்து, காய வைக்கும் கைக்கு?

திண்டுக்கல்லின் தோல் கழிவு பற்றிய வழக்கு புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு திண்டுக்கல் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இங்குள்ள நிலத்தடி நீர் கெட்டதை ஆராய்ந்து 2005இல் எழுதினார்கள். ஆனால் இந்த விவாதங்கள் பெரும்பாலும் கிணற்றையும் வயலையும் பற்றியே நின்றன. தொழிலாளியின் தோல் அதில் பின்னுக்குப் போய்விட்டது.

இதில் ஒரு பொறியும் உண்டு. கை வெடித்து தோல் ஷாப்பை விட்டவருக்கு எளிதில் கிடைப்பது கட்டட வேலை. அங்கே காத்திருப்பது சிமெண்ட். அதிலும் குரோமியம். தொழில் மாறியும் நோய் மாறுவதில்லை. தோல் கையுறை போட்டுக்கொண்டால் அதிலும் குரோமியம் இருக்கலாம். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கையுறையே ஓரளவு காக்கும்.

என்ன செய்யலாம்? நாட்பட்ட அரிப்பு உள்ளவர்கள் தாம் செய்யும் வேலையைத் தோல் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்க்கும் 'பேட்ச்' சோதனை காரணத்தைக் காட்டிவிடும். இ.எஸ்.ஐ. திட்டம் குரோமியத்தால் வரும் நோய்களைத் தொழில் நோய்களாக ஏற்றிருக்கிறது. எனவே காப்பீடு பெற்ற தொழிலாளி இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கலாம். சீட்டில்லாமல் தினக்கூலிக்கு அமர்த்தப்படுபவருக்கோ அந்த வாசலே மூடிக் கிடக்கிறது. அவர்களைப் பதிவு செய்வதும், கையுறையும் கை கழுவ நல்ல தண்ணீரும் தருவதும் முதலாளிகளின் கடமை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி தோல் தொழிலாளர்களுக்கென முகாம் நடத்த வேண்டும் என்று ஜமாஅத்துகள் கோரிக்கை வைக்கலாம்.

பக்ரீதுக்குப் பிறகு நம் வீட்டுக் குர்பானித் தோல்களும் இத்தகைய தொட்டிகளுக்குத்தான் போகின்றன. அந்தத் தோலின் விலை எந்த மதரஸாவுக்குப் போகிறது என்று விசாரிக்கிறோம். அதைப் பதனிடும் கைகள் எப்படி இருக்கின்றன என்றும் விசாரிக்க வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். அந்தத் தொழிலாளியும் நம் அண்டை வீட்டார்தான்.