முதல் கேமராவும் இரண்டு பொய்களும்

கையில் நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ வைத்துக்கொண்டு, முதன்முதலாக ஒரு நல்ல கேமரா வாங்க நினைப்பவருக்கு நம் சூழலில் இரண்டே அறிவுரைகள் கிடைக்கின்றன. "இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃபுல் ஃபிரேமாகவே வாங்கிவிடுங்கள்" என்பது ஒன்று. "கருவியில் என்ன இருக்கிறது, கண்தான் முக்கியம்" என்பது மற்றொன்று. முன்னது வணிகத்தின் குரல் என்று எல்லோருக்கும் தெரியும். பின்னது கலையின் குரலைப்போல ஒலிப்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. இரண்டுமே ஒரே அளவு பொய் என்பதுதான் என் தரப்பு.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இலக்கிய வாசகர்கள் விரும்பிச் சொல்வது அதைத்தான். உடனே கார்த்தியே ப்ரஸ்ஸோனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஒரு சிறிய கேமராவும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் கொண்டே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடந்தவர் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறிய கேமரா லைக்கா. அவரோ தையல் நூல் தயாரிப்பில் செல்வம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை. கருவி பொருட்டல்ல என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் நல்ல கருவி கையில் இருப்பவர்களுக்கே வாய்க்கிறது.

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். நள்ளிரவில் தெருக்கூத்து நடக்கிறது. வெளிச்சம் என்று இருப்பவை இரண்டு மூன்று விளக்குகள். புதிய கேமராவுடன் கடைக்காரர் சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால், அதன் அபர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 3200-லும் ஷட்டர் வேகம் வினாடியில் 15-இல் ஒரு பங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டியங்காரன் சுழலும்போது படத்தில் மிஞ்சுவது ஒரு வண்ணத் தீற்றல். அதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வேகம் 150-இல் ஒரு பங்கை நெருங்குகிறது. அரிதாரம் தெரிகிறது, அரிதாரத்துக்குள் வழியும் வியர்வையும் தெரிகிறது. இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் ஈடுசெய்ய முடியாது. (எஃப் 1.8-ல் கூர்மையின் ஆழம் மிக மெலிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அருகிலிருந்து எடுத்தால் கண் துல்லியமாக இருக்கும், காது மங்கிவிடும். பழகினால் அதுவும் வசப்படும்.)

இப்போது ஃபுல் ஃபிரேம் பக்தர்களிடம் வருவோம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் ஏறக்குறைய 24க்கு 16. பரப்பில் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். மங்கிய ஒளியில் அது தரும் ஆதாயம் ஒரு ஸ்டாப்பை ஒட்டி நிற்கும். கிட் லென்ஸிலிருந்து எஃப் 1.8-க்கு மாறினாலோ கிடைப்பது மூன்று ஸ்டாப்புக்கு மேல். எளிய லென்ஸுக்கு ஆகும் செலவு அந்தச் சென்சாருக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான். இந்தக் கணக்கை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

மெகாபிக்சல் கதையும் இப்படித்தான். 12-லிருந்து 24-க்குப் போனால் படம் இரு மடங்கு பெரிதாகிவிடும் என்று நம்புகிறார்கள். பக்கவாட்டில் கூடுவது 1.4 மடங்குதான். எட்டுக்குப் பத்து அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கறாரான கணக்கில் அச்சிட்டாலும் தேவைப்படுவது 7.2 மெகாபிக்சல்.

"சேர்த்து வாங்குங்கள்" என்ற அறிவுரையில் என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறொன்று. மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிக்கும் ஒருவருக்குச் 'சேர்ப்பது' என்றால் மூன்று நான்கு வருடம். அதற்குள் அந்தக் கூத்துக் கலைஞர் ஆடுவதை நிறுத்தியிருப்பார். பாட்டி இருக்கமாட்டார். புதுவை இளவேனில் எடுத்த கி. ராஜநாராயணனின், சுந்தர ராமசாமியின் உருவப்படங்களைக் கொண்டாடுகிறோம். அவை அந்த மனிதர்கள் இருந்தபோது எடுக்கப்பட்டதால்தான் நம்மிடம் இருக்கின்றன.

ஆகவே நான் பரிந்துரைப்பது, யாரோ சலித்து விற்ற பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றையும் ஒரே ஒரு நல்ல லென்ஸையும். மிர்ரர்லெஸ்தான் எதிர்காலம் என்பார்கள். மறுக்கவில்லை. நிக்கானின் கடைசி டி.எஸ்.எல்.ஆர்.கள் 2020-ல் வெளிவந்தவை. ஆனால் எல்லோரும் கைவிட்டு ஓடுவதால்தான் விலை இறங்கியிருக்கிறது. 1959-லிருந்து நிக்கானுக்கும் 1987-லிருந்து கேனனுக்கும் ஒரே பொருத்துவாயில் செய்யப்பட்ட லென்ஸ்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. எதிர்காலம் வரும்போது வரட்டும்.

செல்பேசி போதாதா என்பவர்களுக்கு: பகலில், அசையாத பொருளுக்கு, பெரும்பாலும் போதும். இருட்டில் அது பல பதிவுகளை அடுக்கி ஒன்றாக்குகிறது. ஆடுபவரை அப்படி அடுக்க முடியாது. எதைத் தியாகம் செய்வது என்ற முடிவையும் அதுவே எடுத்துவிடுகிறது. அந்த முடிவை எடுக்கக் கற்பதற்காகத்தானே கேமரா வாங்குகிறோம்?

வாங்கும்போது ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாகக் குவியாது. 2010-ல் வந்த டி7000-இல் மோட்டார் உண்டு. கேனனின் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஏபிஎஸ்-சி உடலில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80-ஐப் போல நடந்துகொள்ளும். முகங்களுக்கு நல்லது, குறுகிய வீட்டுக்குள் சிரமம். வீடும் தெருவும்தான் உங்கள் களம் என்றால் 35 மி.மீ. வாங்குங்கள்.

லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சாதாரணமாக வருவது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் என்றால் அந்த எண் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். டி7000-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. முப்பதாயிரம் ஓடியது என்றால் தயங்காமல் வாங்கலாம். மிஞ்சும் பணத்தில் ஒரு காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால் கூத்து நடக்கும் ஊருக்குப் பேருந்துக் கட்டணம்.