வாயில் ஒன்று அமையும்

இணையவழி விளையாட்டில் தடை நேருங்கால், "ரௌட்டரின் வாயில்கள் அனைத்தையும் திறந்துவிடுக" என்று தோழர் சிலர் கூறக் கேட்கின்றேம். இதற்கு யாம் உடன்படேம்.

பிறர் நடத்தும் சர்வரிற் சென்று விளையாடுவார்க்கு வாயில் திறத்தல் பெரும்பாலும் வேண்டுவதன்று. தாமே சர்வர் நடத்துவார்க்கும், மைன்கிராப்ட் ஜாவா பதிப்பாயின், 25565 என்னும் ஒரு போர்ட்டே அமையும். அதனையும் நிலையான உள்முகவரி கொடுத்த ஒரு கணினிக்கே திறந்து, ஆட்டம் முடிந்தபின் அடைத்தல் வேண்டும். டி.எம்.இஸட். என்பதோ அக்கணினியை முழுதும் வெளியே காட்டிவிடும். யு.பி.என்.பி. என்பது நம்மைக் கேளாமலே கருவிகள் வாயில் திறக்க இடந்தருவது, அதனையும் நிறுத்துக. விளையாடும் கணினி கெடின், தந்தையார் வங்கிக் கணக்குப் பார்க்கும் கைபேசியும் அவ்வீட்டு வலையிலன்றோ இருக்கின்றது! ஓரறைத் தீ மற்றோரறையைப் பற்றாதவாறு மருந்தறைகளை இடைவிட்டு அமைக்கும் சிவகாசியார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல, தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாமையால் தீநிரலுக்கு இரையாயின. ஆகலின் முதற்கண் மாற்றற்பாலது அச்சொல்லே.

இன்னும் ஒன்று. நிறுவனத்தார் சிலர் ஒரே பொதுமுகவரியைப் பல வீட்டார்க்குப் பகிர்ந்தளிப்பர். ஆண்டு எத்துணை வாயில் திறப்பினும் பயனின்று. தனிப் பொதுமுகவரி கேட்டுப் பெறுக.