பெரிய பிளானுக்கு மாறும் முன் வரிசையைக் கவனியுங்கள்!

இண்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும், "பெரிய பிளானுக்கு மாறிவிடுங்கள்" என்பார்கள். பணம் கட்டும் முன் வரிசையைப் பாருங்கள் என்பேன் நான்.

பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்களின் வீடுகளில் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். ஒருவர் சாம்பிள் படங்களை மெயிலில் அனுப்பும்போது, அடுத்த அறையில் பேசுபவரின் வீடியோ கால் திணறுகிறது. படங்கள் போய் முடிந்ததும் தானாகவே சரியாகிவிடுகிறது. ஏன்?

கம்ப்யூட்டர் தான் அனுப்பும் தகவலை 1500 பைட் வரையுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்புகிறது. இதற்கு பிரேம் என்று பெயர். லைன் ஒரு நேரத்தில் ஒரு பிரேமைத்தான் எடுத்துச் செல்லும். மற்றவை நெட்வொர்க் கார்டின் டிரைவரிலும், ரூட்டரிலும், மோடத்திலும் வரிசையில் காத்திருக்கும்.

வரிசை நீளமாக இருந்தால் எந்த பிரேமும் தொலையாது, நல்லதுதானே என்று தோன்றும். பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகள் நிற்க இன்னும் ஒரு கிலோமீட்டர் இடம் ஒதுக்கினால், எந்த லாரியும் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் கடைசியில் வரும் ஆம்புலன்ஸ் அத்தனை லாரிக்கும் பின்னால் நிற்கும். வீடியோ காலின் பிரேம்தான் அந்த ஆம்புலன்ஸ்.

கணக்குப் போடுங்கள். லினக்ஸில் இந்த வரிசைக்கு வெகுகாலம் வைத்திருந்த நீளம் 1000 பிரேம். அதாவது 15 லட்சம் பைட், 120 லட்சம் பிட். நொடிக்கு 10 லட்சம் பிட் அனுப்பும் லைனில் அது காலியாக 12 நொடிகள் ஆகும்! மேலும், பிரேம் தொலைந்தால்தான் அனுப்பும் கம்ப்யூட்டர் வழக்கமாக வேகத்தைக் குறைக்கும். எதுவும் தொலையாததால் அது மேலும் மேலும் தள்ளிக் கொண்டே இருக்கும்.

ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க நிபுணர் 2010 வாக்கில் இதை ஆராய்ந்து 'பஃபர்ப்ளோட்' என்று பெயரிட்டார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற தீர்வைத் தந்தனர். வரிசையின் நீளத்தை அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் நீடித்தால் சிலவற்றை வேண்டுமென்றே கைவிடுகிறது. அதே ஆண்டு லினக்ஸில் சேர்ந்த 'எஃப்கியூ கோடெல்' ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசையும் கொடுத்தது.

உங்கள் வீட்டில் நீங்களே சோதிக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 கொடுங்கள். பிறகு பெரிய பைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே மீண்டும் கொடுங்கள். நேரம் பல மடங்கு கூடினால் கோளாறு வரிசையில்தான். ரூட்டர் செட்டிங்கில் எஸ்.க்யூ.எம். வசதி இருந்தால், அப்லோட் வேகத்தை உண்மையான வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வையுங்கள். வரிசை மோடத்தில் தேங்காமல் ரூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

வேறு எதுவும் ஓடாதபோதும் வீடியோ கால் திணறினால், பெரிய பிளானை யோசிக்கலாம். இணைப்பு விற்பவர்கள் வேகத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். லைன் நிரம்பியிருக்கும்போது எவ்வளவு தாமதம் என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். வாங்கும்போது நாமும் அதைக் கேட்க வேண்டும்.